வலி வந்தா எதை நெனைக்க?

மச்சான்,

சாவி பக்கத்து வீட்டுப் பொன்னழகு அக்காவோட மாமியார்கிட்ட இருக்கு. கருவாட்டுக் குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க.

நேத்துலருந்து வயித்துல அசைவே இல்ல. காலையில ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா குழாயை வச்சு ரொம்ப நேரம் கேட்டுட்டு, "பிள்ளை உள்ளேயே இறந்துபோச்சும்மா"ன்னு சொல்லிட்டாக. வலி வர மருந்து குடுத்து, இன்னைக்கே பெறவைக்கணுமாம். துணிமணி எடுக்கத்தான் வீட்டுக்கு வந்தேன். அக்கா கூட வாராக.

கண்ணை மூடி மெதுவா மூச்சு விட்டா பயமில்லாமப் பெறலாம்னு நர்சம்மா முன்னமே பழக்கிவிட்டிருந்தாக. "பிள்ளை பெறவும் பள்ளிக்கூடமா?"ன்னு கேலி பண்ணுனீக. அந்தச் சண்டையிலதான் சாப்பிடாமக்கூட நத்தத்துக்குப் புளி எடுக்கப் போனீக. இப்ப எனக்குக் கோவமில்ல மச்சான்.

வலி வாரப்ப பிள்ளை முகத்தை நெனச்சுக்கிடச் சொல்லிருந்தாக. "இனி எதை நெனைக்க?"ன்னு இன்னைக்குக் கேட்டேன். நர்சம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டாக.

ஜொஹரா

மாமிகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வராது.

கோழியை அடைச்சிருங்க.

சாப்பிட்டதும் ஆஸ்பத்திரிக்கு வந்திருங்க. அடக்கத்துக்குக் கொண்டுபோறதுக்கு முன்னால, பிள்ளை அத்தா உங்க கையில செத்த நேரம் இருக்கட்டும்.