வெள்ளிக்காசில் இருந்த சாடி

14-6-62. வியாழன்.
விடிந்தது முதல் சாரல். அருவி இரைச்சல் தென்காசி வரை கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதாம். காது வேணுமே.

செங்கோட்டை பழைய பாத்திரக் கடையில் எடுத்த வெள்ளிக்காசை டீக்கடையில் மறுபடி காட்டினேன். ஒரு பக்கம் தாயும் பிள்ளையும். மறு பக்கம் கூர்த்தொப்பிச் சாமியார், கையில் சாடி. "மருந்துச் சாடிவே. இதப் போட்டு வச்ச தண்ணியக் குடிச்சு ஒரு ராஜ்ஜியமே காலராவுக்குத் தப்பிச்சிருக்கு" என்றேன். வாயில் வந்தது. நன்றாகத்தான் வந்தது.

சாயங்காலம் மேலகரத்திலிருந்து தங்கச்சி கோமு. பிள்ளை மல்லிகாவுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. "அண்ணே, அந்தக் காசக் குடுண்ணே." மாப்பிள்ளை புனலூரில் வேலை, அவளுக்கு இங்கே நான்தான் எல்லாம். கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாதோ?

15. வெள்ளி.
சவரம். குடைக்கம்பி ஒடிந்தது.

காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம் என்னிடம் உண்டு. மாதாகோயில் பாதிரியாரிடம் காட்டினேன். "சால்ஸ்பர்க் காசுவே. ஐரோப்பாவுல, மேற்றிராணியாரே, அதான் பிஷப்பே, ராஜாவாவும் இருந்த ஊரு. முந்நூறு வருசம் இருக்கும். இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல."

பார்த்தீர்களா! நான் எடுத்தது சாதாரணக் காசா?

"சாடியில என்ன மருந்து சாமி?"

"மருந்தா? உப்புப் பீப்பாய்வே அது. அந்த ஊரு பொழச்சதே உப்பு வித்துத்தான்."

உப்பு. கோமு டாக்டரிடம் போயிருப்பாள். போயிருப்பாளா? காலையில் முதல் வேலை மேலகரம் போவதுதான். மழை வேறு.

16. சனி.
வண்டி கிடைக்கவில்லை. மேலகரத்துக்கு ஓட்டமும் நடையும். மல்லிகாவுக்குக் கண் உள்ளே போய், உதடு காய்ந்து. தலைமாட்டில் டம்ளர், அதற்குள் என் காசு. இரண்டு நாளாக வேளைக்கு ஒரு மடக்கு அந்தத் தண்ணீர்தான். டாக்டர் கிடையாது.

சொல்லிவிட்டேன். "கோமு, நான் சொன்னது பூரா பொய். அது வெறும் உப்புச் சாடி."

"காசத் திருப்பி வாங்கணும்னு இப்படியும் சொல்லுதியாண்ணே?"

என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். முழுசாக ஓர் உண்மை சொல்லியும் எடுபடவில்லை. வேறு வழி?

"ஏட்டி, அவரு சாமியாரு மட்டுமா, ராஜாட்டி. சர்க்கார் கட்டடத்துக்குள்ள வச்சாத்தான் காசு பலிக்கும். தென்காசி ஆஸ்பத்திரி சர்க்கார் கட்டடந்தான?"

டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பக்கத்து வீட்டு வண்டி. பிள்ளை என் மடியில். கனமே இல்லை.

17. ஞாயிறு.
ஆஸ்பத்திரி வராந்தா. கட்டிலில் மல்லிகா. தலைக்கு மேலே பாட்டில், சொட்டுச் சொட்டாக. டாக்டர் சத்தம் போட்டார்: "ரெண்டு நாளா என்ன பண்ணுனீங்க?" நான் பாட்டிலில் விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மல்லிகா ஒன்றுக்குப் போனாள். இனிமேல் பயமில்லை என்றாள் நர்சம்மா.

"பாட்டில்ல என்ன மருந்தும்மா?" கோமு.

"உப்புத்தண்ணி."

கோமு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. "நீ அப்பமே சொன்னியேண்ணே, சாடியில உப்புன்னு. நாந்தான் நம்பல."

அடுத்த கட்டிலில் காய்ச்சல்காரப் பிள்ளை. கோமுவிடம் காசுக் கதையைக் கேட்டிருந்த அதன் தாய் எழுந்து வந்தாள். "அண்ணாச்சி, அந்தக் காச எங்களுக்கும் ஒருநா குடுங்களேன்."

டம்ளரிலிருந்து எடுத்து வேட்டி மடியில் செருகியிருந்த காசைக் கையால் பொத்திக்கொண்டேன். தொலைந்து போச்சு என்றேன்.