ஐந்தாம் பொருளுக்கு ஒரு சாட்சி

அன்பு மகள் வாலுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முட்டிவலியும் எங்களோடு சுகமாக இருக்கிறது. அங்கே உன் இருமல் விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா என்று எழுது. சித்தப்பாவும் நானும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது உனக்கு அரசல்புரசலாகத் தெரிந்திருக்கும், உன் சித்தி எதையும் மூடிவைக்கிறவள் இல்லை. அவள் சொன்னது பாதிதான், மீதிப் பாதியை நான் சொல்கிறேன், சிரிக்காமல் படி.

எங்கள் அகராதி அலுவலகத்தின் கூத்து உனக்குப் புதிதில்லை. ஓர் இங்கிலீஷ் சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் சாட்சிச் சீட்டு வேண்டும். இன்னொரு அகராதியைப் பார்த்து எழுதினால் எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார், எதையும் சும்மா விடாததால் அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. அந்தப் பொருளைக் கண்ணால் கண்ட ஓர் ஆள் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் சட்டம். இந்தத் தடவை என் தலையில் விழுந்த சொல் ஹாக். பன்றிக்கு இங்கிலீஷ்காரர்கள் சர்வசாதாரணமாகச் சொல்கிற பெயர், அரை நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன், பிரித்துப் பார்த்தால் ஒன்பது பொருள். முதல் பொருள் இறைச்சிக்காகக் காயடித்து வளர்க்கும் பன்றி. பண்ணைக்குப் போனேன், பண்ணைக்காரர் எத்தனை கிலோ வேண்டும் என்றார், கிலோ வேண்டாம் கையெழுத்துப் போதும் என்றேன், என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டாவது, இன்னும் ஒரு தடவைகூட ரோமம் கத்தரிக்காத இளம் ஆடு. பன்றிப் பெயர் ஆட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்குக் கால்நடை மருத்துவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது, ஊரையே அதிரவைக்கும் பெரிய மோட்டார் சைக்கிள், அதற்கு மெக்கானிக் கிரீஸ் விரலால் ரேகை வைத்தார். நான்கையும் ஐந்தையும் தாண்டி ஆறாவது, கப்பலின் நடுப்பகுதி மேலே வளைந்து இரண்டு முனையும் தொங்கிப்போவதற்கும் அதே சொல்தானாம், கப்பல் பட்டறை வெல்டர் ஒருவர் படம் போட்டுக் காட்டி, கூடவே வளைந்துபோன தன் முதுகையும் திருப்பிக் காட்டினார்.

வில்லங்கம் நான்காம் பொருளில் இருந்தது. பின்னால் வருகிறவனுக்கு வழி விடாமல் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். இதற்கு அலைவானேன், சித்தப்பா இருக்கிறானே என்று தோன்றியது. அதற்கு முந்தின வாரம் பல் வைத்தியரிடம் எங்களைக் காரில் கூட்டிப்போனபோது நட்டநடுவில்தான் ஓட்டினான், பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்படியே எழுதி, சாட்சி நான் என்று கையெழுத்துப் போட்டு, உதாரணமானவர் முகவரி என்று இருந்த இடத்தில் அவனுடைய டிரைவிங் ஸ்கூல் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன். முகவரி எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷமாக என் பங்குக்கு வந்த சொற்கள் கதவு, கரண்டி, கொசுவலை, அவற்றுக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. உதாரணம் மனிதராக இருந்தால் அலுவலகம் அவருக்கு நன்றிக் கடிதம் அனுப்புமாம். ஹாக் என்ற சொல்லின் நான்காம் பொருளுக்குத் தாங்கள் சிறந்த உதாரணமாக விளங்கியமைக்கு மனமார்ந்த நன்றி என்று முத்திரை குத்தி, பொருளையும் கீழே விளக்கமாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அவனுடைய வரவேற்பு மேஜைப் பெண் அதை ஏதோ விருது என்று நினைத்து, பதினோரு பேர் உட்கார்ந்திருந்த வகுப்பில் உரக்கப் படித்துவிட்டாள். சித்தப்பா அப்போது பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடுவது எப்படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தானாம். ஆறு பேர் எழுந்து எதிர்ச்சாரியில் இருக்கும் ஸ்கூலுக்குப் போய்விட்டார்கள். இனிமேல் எனக்கு அண்ணன் இல்லை என்று சித்தி மூலமாகச் சொல்லி அனுப்பினான். கூடப்பிறந்தவன் என்று எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான் வாலு. ஆனாலும் வீம்பு விடவில்லை, சீட்டில் இருப்பது சத்தியம்தானே என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை, உதாரணமாகத் தன்னைக் காட்டியது தவறு என்று ஆட்சேபணை மனுப் போட்டுவிட்டான். அப்படிப் போட்டால் விசாரணை, அன்றைக்கு வண்டியில் இருந்த மூன்றாவது ஆளைக் கூப்பிட வேண்டும். அந்த ஆள் உன் அம்மா. சீட்டுப் பெட்டிகள் அடுக்கிய எங்கள் நீள அறையில் சல்லடை நடுவில் உட்கார, சித்தப்பா வகுப்பிலிருந்து காந்தப் பலகையைத் தூக்கிவந்து சுவரில் சாய்த்துக் குட்டிக் கார்களை ஒட்டி விளக்கினான், சல்லடை ஒரு சிவப்புக் காரை விரலால் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அம்மாவைக் கேட்டார்கள். அன்றைக்குச் சாலையின் இரண்டு ஓரத்திலும் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தது, நடுவில் ஓட்டாமல் பள்ளத்திலா ஓட்டுவார் என்று அம்மா நிதானமாகச் சொன்னாள். நான் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சல்லடை என் சீட்டை இரண்டாகக் கிழித்தார், டிரைவிங் ஸ்கூலுக்கு மன்னிப்புக் கடிதம் போகும் என்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம், அம்மா மட்டும் எழவில்லை. வெறும் சீட்டு ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்.

ஐந்தாம் பொருளுக்கு அதுவரை சாட்சி கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒன்றைப் பிறருக்கு விடாமல் தானே வைத்துக்கொள்வது. அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மளமளவென்று எழுதிக் கொடுத்தாள், சல்லடை எல்லோருக்கும் கேட்கப் படித்தார். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். எங்கள் மகள் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள், நாற்பது நிமிடம் பேசுகிறாள், முப்பத்தொன்பது நிமிடம் போன் இவர் கையில் இருக்கிறது, என் கைக்கு வரும்போது அவள் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது, ஆறு வருஷமாக நான் என் பெண்ணிடம் பேசியது சாப்பிட்டியா, சரி வெச்சுடறேன், அவ்வளவுதான், சாட்சி நான், உதாரணமானவர் முகவரி என் வீட்டு முகவரி. சித்தப்பா என் பக்கம் திரும்பி, "அண்ணா, பேனா குடு" என்றான். ஒரு மாதம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பேனாவை வாங்கி, இரண்டாம் சாட்சி என்று அம்மா பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தோளில் தட்டி, வா வீட்டில் விடுகிறேன் என்றான்.

வண்டியில் எனக்குத் தலை நிமிரவில்லை. உன் பல்வலியும், உன் மேலாளரின் சிடுசிடுப்பும், நீ அழுத அந்த ஒரு வாரமும் எனக்குத் தெரியும், அம்மாவுக்கு நான் பிறகு சுருக்கிச் சொன்னதுதான் தெரியும், அதுவும் எனக்கு ஞாபகம் இருந்ததை மட்டும். எனக்கு வெட்கமாக இருக்கிறது வாலு. நன்றிக் கடிதம் நேற்று எனக்கும் வந்துவிட்டது, எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு முதல் நீ கூப்பிடும்போது நான் மாடிக்குப் போய்விடுவேன், எனக்குச் சொல்ல வேண்டியதை இப்படி எழுதிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முதலில் பேச்சு வராது, பழக்கதோஷத்தில் சரி வெச்சுடறேன் என்பாள். நீ வைத்துவிடாதே.

நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் குறைவில்லாமல் உனக்கு இருக்கட்டும், அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இத்துடன் ஒரு சாட்சிச் சீட்டு வைத்திருக்கிறேன். பனித்தரையில் கல்லைத் தள்ளிவிட்டு விளையாடுவார்களாமே, கோட்டைத் தாண்டாமல் நடுவழியில் நின்றுபோகும் கல் ஒன்பதாம் பொருள், அங்கே எங்காவது கண்ணால் பார்த்தால் மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அவசரம் இல்லை.

இப்படிக்கு,
ஐந்தாம் பொருளுக்கு உதாரணமான
உன் அப்பா