குளிர்நாட்டு எண்ணெய்

2024 யூலை 9, செவ்வாய்

பரராசசிங்கத்தின் வலது கையை எடுக்க வேண்டி வராது. பெரியாஸ்பத்திரியில் இன்று பின்னேரம் டொக்டர் அப்படிச் சொன்னதாக அவருடைய மனைவி தொலைபேசியில் தெரிவித்தார். முன்னங்கை எலும்பு இரண்டும் முறிந்திருக்கின்றன, தகடு வைக்கப் போகிறார்கள். விரல்கள் பழையபடி அசையுமா என்று இப்போது சொல்ல முடியாதாம். நிச்சயமானது இவ்வளவுதான்.

நேற்று நடந்ததைக் குறித்து வைக்கிறேன். குளத்தில் தூர்வாரிய களிமண்ணைக் ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கத்து உழவு இயந்திரம் அணைக்கட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஜக் தூக்கிச் சரிக்கும், மண் கொட்டும். பெட்டி உட்காரும் இரும்புச் சட்டத்தில் களி ஒட்டிக்கொள்ளும். அதை யாராவது கைவிட்டு வழித்தெடுத்த பிறகுதான் பெட்டியை இறக்குவார்கள். மண் வேலைக்கு வந்திருந்த பரராசசிங்கம் வழித்துக்கொண்டிருந்தபோது பெட்டி தானாக இறங்கிக் கையை நசுக்கிவிட்டது. சாரதி டினேஷ் அப்போது இருக்கையில் இல்லை.

சங்கத் தலைவர் தியாகலிங்கம் சொன்னது: "பொடியன் லீவரைத் தட்டிப்போட்டு இறங்கிப் போட்டான். வேற என்ன?" பொலிஸில் முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. டினேஷை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பத்திரிகைக்குச் சிறு செய்தி அனுப்பினேன். பெட்டியின் பக்கவாட்டில் நீல எழுத்தில் இருப்பதை அதில் எழுதவில்லை: "அன்பளிப்பு - பிரதாபன், எட்மன்டன், கனடா." என் தம்பி. செய்திக்கு அது தேவையில்லை.

தேவையில்லைத்தானே?

யூலை 10, புதன்

"சாரதியின் கவனக்குறைவே காரணம் எனச் சங்கத் தலைவர் தெரிவித்தார்" என்று எழுதியிருந்தேன். அச்சில் வந்தது: "சாரதியின் கவனக்குறைவால் விபத்து." தலைப்பும் அதுவே. ஆசிரியபீடத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இடம் போதவில்லையாம்.

பத்து மணிபோலச் சூசையம்மா வந்தா, டினேஷின் தாய். கரையிலிருந்து வெயிலுக்குள் நடந்தே வந்திருக்கிறா. என் மனைவி கமலா கதிரை போட்டாள், அவ உட்காரவில்லை. கையில் பேப்பர்.

"அண்ணை, இது நீங்கள் எழுதினதோ?"

"ஓம். ஆனா தலைப்பு நான் வைச்சதில்லை."

"எங்கட வீட்டில ஆர் வைச்சதெண்டு பாத்தோ வாசிக்கப் போயினம்? வாற இருபத்தொன்பதாம் திகதி பொடியனுக்கு பஸ் டிப்போவில நேர்முகம். பொலிஸில வழக்கு விழுந்தா வாசலிலயே திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டு இருந்த வேலை, அண்ணை."

தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டா. கமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

யூலை 11, வியாழன்

வீட்டில் இருக்க முடியவில்லை. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக் கரைக்குப் போனேன். டினேஷ் மாமன்காரனின் வள்ளத்துக்குப் பக்கத்தில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாத முகம். அதுவும் ஒரு சான்றில்லை என்பது எனக்குத் தெரியும்.

"லீவரில கை பட்டதோ?"

"இல்லை ஐயா. நடுவில விட்டிட்டுத்தான் இறங்கினனான். எஞ்சினும் நிப்பாட்டி."

"பிறகு எப்பிடிப் பெட்டி இறங்கினது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ஒரேயடியா விழேல்லை ஐயா. மெள்ள மெள்ள இறங்கியிருக்கு. அவர் குனிஞ்சபடி நிண்டவர், காணேல்லை. கத்தினாப்பிறகுதான் நான் ஓடி வந்தனான்."

"முட்டுக்கட்டை?"

தூக்கிய பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு பனங்குற்றியை நிறுத்த வேண்டும். அது இருந்தால் ஜக் கைவிட்டாலும் பெட்டி விழாது. அவன் வலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வைக்கேல்லை."

"ஏன்?"

"எல்லாரும் கெதியா முடி, நேரம் போகுது எண்டு நிக்கிறாங்கள். குத்தி பாரம். கொஞ்ச நாளா ஒருத்தரும் வைக்கிறேல்லை ஐயா. நானும் வைக்கேல்லை."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, "இதையும் எழுதுவியளோ?" என்று கேட்டான்.

லீவர் நடுவில், எஞ்சின் நின்றிருக்கிறது, பெட்டி மெதுவாக இறங்குகிறது. அப்படியானால் எங்கோ எண்ணெய் கசிந்து திரும்பியிருக்க வேண்டும். ஜக்கைத் தூக்கிப் பிடிப்பதே எண்ணெய்தானே.

யூலை 12, வெள்ளி

இன்று காலை கமலா மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையில் மஞ்சள் கான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன மாதம் தம்பி கப்பலில் அனுப்பிய பொதிக்குள் வந்த எண்ணெய்க் கான்கள் அவை. உழவு ரக்ரருக்கும் ஜக்குக்கும் விடுகிற எண்ணெய். சங்கத்தில் கான்களை வரிசையாக மேசையில் அடுக்கி, மாலை போட்டு, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தார்கள். நானே படம் எடுத்தேன். உழவு இயந்திரத்தில் இருந்த பழைய எண்ணெயை வடித்துவிட்டு அன்றைக்கே கனடா எண்ணெயை விட்டார்கள். வெறும் கான்களை ஆளுக்கொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனோம். வெளிநாட்டுக் கான் லேசில் வெடிக்காது.

கானை வாங்கித் திருப்பினேன். முன்பக்கத்தில் பனிப்பூவின் படம். அதன் கீழே: கடுங்குளிர்ப் பாவனைக்கு, பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை.

மாலை போட்ட அன்று இந்த வரியைத் தியாகலிங்கம் உரத்து வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான்.

யூலை 13, சனி

காலை ஆறரைக்குத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே முதல்நாள் மாலை. குளிர்காலத்தில் ரக்ரரில் தகடு பூட்டி வாகனத் தரிப்பிடங்களின் பனியைத் தள்ளுவதுதான் அவனுக்குத் தொழில். கேட்டதும் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினான்.

"இஞ்சத்தைக் குளிருக்குத் தடிச்ச எண்ணை விட்டா விடிய அது தார் மாதிரிக் கிடக்கும் அண்ணை. பம்ப் இழுக்க ஏலாது, வெடிச்சுப் போடும். அதுதான் மெல்லிசா, தண்ணி மாதிரி ஒண்டு விடுறது. விலை கூட. நான் என்ர மெசினுக்கு விடுறதைத்தான் உங்களுக்கும் அனுப்பினனான்."

"அதே எண்ணை இஞ்சத்தை வெயிலுக்கு எப்பிடி இருக்கும்?"

அவனுடைய வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னும் மெல்லிசாகும்," என்றான்.

"பெட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குமோ?"

"அண்ணை, நீங்கள் இப்ப என்ன சொல்ல வாறியள்? நான் அந்தாளின்ர கையை முறிச்சனான் எண்டோ? குளிருக்குள்ள நிண்டு உழைச்ச காசில ஊருக்குச் செய்யிறன். பேப்பரில போட்டு என்ர பேரைக் கெடுக்கவோ நிக்கிறியள்?"

வைத்துவிட்டான். மறுபடி எடுத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.

யூலை 14, ஞாயிறு

கமலா கானைக் கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் போட்டுவிட்டாள்.

யூலை 15, திங்கள்

சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போய் எண்ணெயைப் பற்றிச் சொன்னேன். தியாகலிங்கத்தார் சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டார்.

"உம்மட தம்பியின்ர எண்ணையில குறை எண்டு நீரே எழுதப் போறீரோ? நல்ல சகோதரம்!"

"எழுதிறனோ இல்லையோ, முதல்ல பாக்க வேணும்."

"என்னத்தைப் பாக்கிறது? அவ்வளவு குளிருக்கே தாங்கிற எண்ணை. எங்கட வெயில் அதுக்கு ஒரு பொருட்டோ?"

"குளிருக்கு மெல்லிசு வேணும், வெயிலுக்குத் தடிப்பு வேணும். இரண்டும் ஒண்டில்லை."

"பத்திரிகைக்காரர் எப்ப எஞ்சினியரா வந்தனீர்?"

எனக்குக் கோபம் வந்தது. பொலிஸ் எப்படியும் இயந்திரத்தைப் பார்க்கத்தான் போகிறது, அதற்கு முன் நீங்களே பார்ப்பது நல்லது என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "புதன்கிழமை கொண்டு வாறன். ஆனா அந்தப் பொடியன் ரக்ரரில ஏறக்கூடாது."

யூலை 17, புதன்

குளத்தடி. வேறொரு சாரதி. பொலிஸிலிருந்து ஒரு கொன்ஸ்டபிளும் வந்திருந்தார்.

காலையில், இயந்திரம் சூடேற முன், வெறும் பெட்டியைத் தூக்கி லீவரை நடுவில் விட்டு எஞ்சினை நிறுத்தினோம். ஜக்கின் தண்டில் சோக்குக் கட்டியால் கோடு போட்டேன். எல்லோரும் தேத்தண்ணீர் குடித்து முடித்தோம். கோடு கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது.

"கண்டீரோ?" என்றார் தியாகலிங்கம்.

பிறகு மத்தியானம் வரை மண் ஏற்றச் சொன்னேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எண்ணெய்த் தாங்கியின் மூடியில் கை வைக்க முடியவில்லை. அதேபோலத் தூக்கி, அதேபோல நிறுத்தினோம். இந்த முறை யாரும் தேத்தண்ணீர் குடிக்கவில்லை. கோடு இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. பெட்டி சட்டத்தில் உட்கார்ந்தபோது டக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

கொன்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

தியாகலிங்கம் விடவில்லை. "ஜக் பழசு. பெட்டியே பழசு வாங்கினதுதானே. எண்ணையில ஏன் பழியைப் போடுறீர்?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்று பார்த்ததை வைத்து ஜக்கா எண்ணெயா என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் ஜக் திருத்தும் கடையில் கேட்டேன். இந்த எண்ணெயை வடித்து, இந்தப் பக்கத்துக்கு விடுகிற தடித்த எண்ணெயை விட்டு, அதே சூட்டில் திரும்பப் பாருங்கள் என்றார்கள். நின்றால் எண்ணெய், நிற்காவிட்டால் ஜக்.

சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். பொறுக்க முடியவில்லை.

யூலை 20, சனி

தடித்த எண்ணெய். அதே மத்தியானம், அதே வெயில். பெட்டி நின்றது.

முற்றாக நின்றது என்று எழுத மாட்டேன். கோடு ஒரு விரலளவு இறங்கியது. ஜக்கும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் புதன்கிழமை கண்டதுபோல இறங்கவில்லை.

ஆக, எண்ணெய் பொருந்தாதது. ஜக் தேய்ந்தது. முட்டு வைக்கவில்லை. மூன்றில் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் பரராசசிங்கம் இன்று வீட்டில் இருப்பார். மூன்றையும் எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் அது யாரோ ஒருவருக்கு நான் செய்கிற உதவி, செய்தி இல்லை.

தியாகலிங்கத்தார் சைக்கிளில் போய்விட்டார்.

யூலை 22, திங்கள்

எழுதினேன். கிழித்தேன். எழுதினேன்.

கமலா பின்னால் நின்று வாசித்தாள். "பிரதாபன்ர பேர் வேணுமோ? கனடாவிலயிருந்து அன்பளிப்பா வந்த எண்ணை எண்டால் போதாதோ?"

"படத்தில பெட்டி வரும். பெட்டியில பேர் கிடக்கு."

"மற்றப் பக்கத்தால படம் எடுங்கோவன்."

"டினேஷின்ர பேரைப் போட்டாச்சு. இவன்ர பேரை மட்டும் எப்பிடி மறைக்கிறது?"

"அவன் உங்கட தம்பியெல்லோ."

ஓம். தம்பிதான். பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் அனுப்பியவன். இந்த வீட்டின் கூரையோடுகளை மாற்றித் தந்தவனும் அவன்தான். அவன் நல்லதென்று நினைத்து, தான் பாவிக்கிறதிலேயே விலை கூடியதைத்தான் வாங்கி அனுப்பினான். அதையும் எழுதினேன். அவன் இந்தச் செய்தியாளரின் சகோதரர் என்பதையும் எழுதினேன். சொந்த வீட்டு ஆளைச் செய்திக்குள் எழுதியிருக்கிறேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

முட்டு வைக்காததையும் எழுதினேன். டினேஷுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னேன். "சரி ஐயா," என்றான்.

யூலை 24, புதன்

ஒரு வரியும் வெட்டாமல் வந்திருக்கிறது.

தம்பியிடமிருந்து எதுவும் இல்லை.

யூலை 28, ஞாயிறு

சங்கத்தின் வட்சப் குழுவில் இன்று விடியத் தம்பி எழுதியிருக்கிறான். எனக்கல்ல, குழுவுக்கு. கானின் படத்தைப் போட்டு அதன் கீழே:

"நான் இங்கத்தைக் குளிரை யோசிச்சு வாங்கினது. அங்கத்தை வெயிலை யோசிக்கேல்லை. இருவது வருசமாச்சு, வெயில் எப்பிடியெண்டு மறந்து போச்சு. டினேஷில மட்டும் பழியைப் போடாதேங்கோ. பரராசசிங்கண்ணையின்ர மருந்துச் செலவு என்ர பொறுப்பு."

கீழே கும்பிட்ட கைகளாக வந்து விழுந்துகொண்டிருந்தன. மத்தியானம் தியாகலிங்கத்தார் எழுதினார்: "நன்றி பிரதாபன். அப்பிடியே ஒரு புது ஜக்குக்கும் ஏதாவது வழி பார்க்கலாமோ?" கமலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு தம்பிக்கு எடுத்தேன். அவன் எடுக்கவில்லை. வட்சப்பில் அவனுக்கே ஒரு வரி எழுதி அனுப்பினேன், வாசித்ததற்கான நீலக் குறி விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

பின்னேரம் டினேஷ் வந்தான். நாளைக்கு நேர்முகம். மாமனின் வெள்ளைச் சேட்டைப் போட்டிருந்தான், அவனுக்குத் தோளில் பெரிது.

"பொலிஸ் வழக்குப் போட இல்லையாம் ஐயா. ஆனா போட மாட்டம் எண்டும் சொல்லேல்லை."

பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் நேற்று நானே கேட்டேன். வைத்தியசாலை அறிக்கை வரும்வரை ஒன்றும் செய்வதில்லை என்றார்.

"நாளைக்கு விபத்தைப் பற்றிக் கேட்டா என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு."

"எண்ணையைச் சொல்லலாம். முட்டு வைக்கேல்லை எண்டதையும் சொல்லவோ?"

"பேப்பரில வந்திட்டுது. அவை வாசிச்சிருப்பினம்."

"சொன்னா வேலை தருவினமோ, ஐயா?"

தெரியாது என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, இருட்ட முன் போகவேண்டும் என்று கிளம்பினான். வாசல் படலை வரை கூடப் போனேன்.

இன்னும் தெரியாதவை: நேர்முகத்தின் முடிவு, ஓகஸ்ட் நடுப்பகுதியில் தபாலில் வருமாம். வைத்தியசாலை அறிக்கை, வெள்ளிக்கிழமை. பரராசசிங்கத்தின் விரல்கள், அடுத்த கிளினிக் ஓகஸ்ட் 6. தம்பி எப்போது தொலைபேசியை எடுப்பான் என்பதற்கு யாரும் திகதி சொல்லவில்லை.