உன் போர்ச்சுகல் ஸ்டாப்பர்

மாப்ள,

நேற்று மதியம் ஒருவரை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுக்கவைத்து முதுகுத்தண்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மேசையில் கிடந்த என் கைபேசி மணி அடித்தது. அந்தப் போர்ச்சுகல் கால்பந்துக்காரன் பெயர் எந்தச் செய்தியில் வந்தாலும் மணி அடிக்கும்படி என்னைக் கேட்காமலே நீ செய்துவைத்தாயே, அந்த மணி. நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக நிறுத்தவில்லை.

பின்னால் நின்று பந்தைத் தடுக்கிற உன் ஸ்டாப்பரை அவர்கள் நாட்டு அணிக்கு எடுத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வயதில்.

எனக்கு வந்தது எரிச்சல்தான். "சொன்னேன்ல" என்று குதிக்க வேண்டியவன் நீ. தோற்றுப்போய்த் தலையைச் சொறிய வேண்டியவன் நான். நான் தயாராகத்தான் இருக்கிறேன். மூன்றரை வருஷம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, ஜெயிக்கிற அன்றைக்கு ஆள் இல்லை என்றால் என்னடா அர்த்தம்?

அவனை நீ கண்டுபிடித்தபோது அவனுக்குப் பதினேழு வயது. லிஸ்பன் பக்கம் ஒரு பெரிய கிளப்பின் இரண்டாம் அணி. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆடினால் நமக்கு மாலை நாலரை. உன் அலுமினியப் பட்டறையில் ஜன்னல் சட்டம் ஒன்றில் கைபேசியைச் சாய்த்துவைத்து முதல் ஆட்டத்தைக் காட்டினாய். ஒல்லியாக, நெடுநெடுவென்று, காலுறை கணுக்காலில் சுருண்டு கிடக்க நின்றான் பயல்.

"பாருடா, அப்படியே என்னைய மாதிரி ஆடுறான்."

"நீ அவனை மாதிரி ஆடுறேன்னாவது சொல்லு. அவன் காதுல விழுந்தா கேஸ் போட்ருவான்."

"ஒனக்கு என்னடா தெரியும், எலும்பு போட்டோக்காரன்."

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். பந்து தலைக்கு மேல் போனால், திரும்பி ஓடத் தொடங்க அவனுக்கு மற்றவர்களைவிட ஏறக்குறைய அரை நொடி கூடுதலாகப் பிடித்தது. "இவன் இடுப்புல வேகம் இல்ல. இரண்டாம் அணியோட சரி, மேல போக மாட்டான்" என்று சொல்லிவிட்டேன். நீ காராசேவை மென்றுகொண்டே சொன்னாய்: "அவன் எதுக்குடா திரும்பணும்? பந்து எங்குட்டு வரும்னு பாத்து முன்னாடியே அங்குட்டுப் போயி நிப்பான்."

அடுத்த மாதமே, அவன் பார்க்காமல் பின்னால் தட்டிய பந்து கோல்கீப்பரைத் தாண்டிச் சொந்த வலைக்குள் போனது. நான் சிரித்துப் புரை ஏறினேன். நீ அவனுடைய இணையப் பக்கத்தில் போய்த் தமிழிலேயே எழுதினாய்: "கவலப்படாத தம்பி, நம்ம ஊர்லயும் இப்படி நடக்கும்." அவன் அதற்கு ஒரு இதயம் போட்டான். என்னவென்று புரிந்து போட்டானோ. அன்றிலிருந்து அவன் உனக்கு "நம்ம பய" ஆகிவிட்டான். பெரிய அணிக்கு மாற்று ஆளாக இறங்கிக் கடைசி மூன்று நிமிடம் ஆடியபோது நீ பட்டறைக்கே லீவு விட்டாய். அப்புறம் அவனைக் கடற்கரை ஊர் ஒன்றின் சின்னக் கிளப்புக்கு ஒரு வருஷக் கடனாக அனுப்பினார்கள். "அங்க போனாத்தான் தெனம் ஆடுவான்" என்று அவன் மாமன் மாதிரி பேசினாய்.

அவனைப் பார்த்து நீ ஆடத் தொடங்கியதுதான் வினை.

நாட்டரசன்கோட்டை டோர்னமென்ட்டை மறந்திருக்க மாட்டாய். முந்தைய ஞாயிறு நம்ம பய தன் ஆட்களை ஒரே நேரத்தில் முன்னால் ஏறவைத்து, எதிராளியைப் பின்னால் தனியாக விட்டுவிட்டு, கையைத் தூக்கி ஆஃப்சைடு வாங்கியிருந்தான். அதை நம் அணிக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தாய். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடம், பின்னால் நின்ற மூன்று பேரும் ஏறினீர்கள், கையைத் தூக்கினீர்கள். எதிராளி தனியாகப் போய்க் கோல் போட்டான். மறுபடி ஏறினீர்கள். மறுபடி கோல். ரெஃப்ரியாக வந்திருந்த பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மைதானத்தின் நடுவில் நின்று கேட்டார்:

"என்னப்பா, ஆளுக்கொரு கையத் தூக்கிட்டு நிக்கிறீக? பஸ்ஸ நிப்பாட்டுறீகளா? ஏழு பேரு ஆட்டத்துல ஏதுப்பா ஆஃப்சைடு?"

பதினைந்து வருஷமாக செவன்ஸ் ஆடுகிறவன் நீ. ஆஃப்சைடு கிடையாது என்பது உனக்கா தெரியாது? போர்ச்சுகலில் உண்டு என்பதால் நாட்டரசன்கோட்டையிலும் உண்டு என்று நம்பிவிட்டாய். இதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் பாதியில் கணுக்காலில் உதை வாங்கினாய். மறுநாள் நான் பயிற்சிக்காகத் திருச்சி போய்விட்டேன். நீ எக்ஸ்ரே எடுக்கவில்லை. நேராக எலும்புக் கட்டு வைத்தியரிடம் போய் மூங்கில் தப்பை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாய். போனில் நான் கத்திய கத்தல் உனக்கு நினைவிருக்கும். "ஸ்கேன் சென்டர்ல ஒரு ஆளை வச்சிக்கிட்டு இப்படிப் பண்றியே, நீயெல்லாம் மனுசனாடா?" நீ சிரித்தாய். "சரி சரி, கத்தாத. அடுத்த தடவ ஒன்கிட்டயே வாரேன்."

வந்தாயா? மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்தாய். அந்த வாரம்தான் நம்ம பய கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சதை பிடிப்பு, மூன்று வாரம் ஓய்வு என்று கிளப் அறிவித்தது. அந்த ஞாயிறு, நான் திருச்சியிலிருந்து திரும்பியிருந்தேன், அவன் இல்லாத ஆட்டத்தை நாம் பார்த்தோம். நீ கைலி கட்டி, காலை மேசைக்கு அடியில் நீட்டி உட்கார்ந்திருந்தாய். பட்டறையில் நீ கைலி கட்டி நான் பார்த்ததே இல்லை. நாள் முழுக்க அடுத்தவன் காலைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு அது உறைக்கவில்லை.

நீ கேட்டாய்: "ஏன்டா, கெண்டைக்கால் சதை பிடிச்சா வீங்குமா?"

"வீங்கும்."

"தொட்டா சூடா இருக்குமாடா? நம்ம பயலுக்கு இருந்திருக்குமா?"

"அவன் டாக்டருக்கு இல்லாத கவலை ஒனக்கெதுக்கு? மூணு வாரம்னு சொல்லிட்டாங்கள்ல. சும்மா இருந்தா சரியாப் போகும். ஆட்டத்தப் பாரு."

இதுதான் நான் சொன்னது. சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. வேறு யாராவது வந்து, கட்டுப் போட்டு அசையாமல் வைத்திருந்த கால், கட்டு அவிழ்த்ததும் வீங்கிச் சூடாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், உட்காரக்கூட விடாமல் உள்ளே இழுத்துப் போயிருப்பேன். எங்கள் டாக்டர் பத்து நிமிடத்தில் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டத்தைப் பார்த்து, ரத்தம் உறைந்திருக்கிறதென்று சொல்லியிருப்பார். மாத்திரை, ஊசி, அவ்வளவுதான்.

புதன்கிழமை காலை வலையபட்டியில், ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்த பெரிய வீட்டில் கொசுவலைச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்தாய். ஏணியிலிருந்து இறங்கி, "மூச்சு வாங்குதுண்ணே" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. காலில் உறைந்தது நுரையீரலுக்கு ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் உன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "தம்பி, 'கால் வீங்கியிருக்கேடா, ஒன் கூட்டாளிகிட்டக் காட்டு'ன்னு நாந்தேன் அவன்கிட்டச் சொன்னேன். 'அவன்கிட்டப் போனா கட்டுப் போட்டதுக்கு இன்னொரு தடவ கத்துவான்மா. நம்ம பயலுக்கும் இதே எடத்துலதான் வலி, மூணு வாரத்துல எறங்கிருவான், நானும் எறங்கிருவேன்'னான். ஞாயித்துக்கிழம வந்து, ஒங்ககிட்டக் கேட்டுட்டேன், சரியாப் போகும்னு சொல்லிட்டீகன்னான். நீங்க சொன்னப்பறம் நானும் விட்டுட்டேன் தம்பி."

 

கட்டுப் போட்டவரிடம் சண்டைக்குப் போனேன், தெரியுமா? அந்த மனுஷன் அமைதியாகச் சொன்னார்: "வீங்குனா ஒடனே வந்துரணும்னு ரெண்டு தடவ சொன்னேன் தம்பி. அதுக்கப்பறம் அவுக வரல." அங்கேயும் எனக்குக் கத்த இடம் இல்லை. ஆகவே உன்னிடம்தான் கத்த வேண்டியிருக்கிறது. உன் வலியைக் கேட்க, கடல் தாண்டி இருக்கிற ஒருத்தனுடைய காலைக் கொண்டுவந்து என் முன்னால் ஏன்டா நீட்டினாய்? "எனக்கு வலிக்குது" என்று இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? நான் கத்துவேன். ஆமாம், கத்தியிருப்பேன். கத்திக்கொண்டே உன்னைத் தூக்கிப் போயிருப்பேன். கத்தல் முடியும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவனா நீ? எனக்குத்தான் பொறுமை கிடையாது என்று ஊருக்கே தெரியுமே.

நம்ம பய சரியாக மூன்று வாரத்தில் இறங்கினான். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. அதற்கடுத்த ஆட்டத்திலிருந்து பார்க்கிறேன். கடன் முடிந்து பெரிய கிளப்புக்குத் திரும்பி, இந்த வருஷம் பெரும்பாலும் முதல் பதினொன்றில் இருக்கிறான். மறுபடி ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். திரும்புவதில் அந்த அரை நொடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அவன் திரும்புவதே அபூர்வம். பந்து வருகிற இடத்தில் முன்னாலேயே நிற்கிறான். நீ சொன்னது சரி. எழுத்தில் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

போன வாரம் நம் அணியில் கோல்கீப்பராக நிற்கிற பஸ் கண்டக்டர் யூனிஃபார்மோடு சென்டருக்கு வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு மெதுவாக, "மச்சினனுக்கு முட்டி ரெண்டு வாரமா வீங்கிக் கெடக்காம். மாடி ஏற முடியலயாம். எதுவும் பயப்படணுமான்னு ஒங்கிட்டக் கேட்டுட்டு வரச் சொன்னான்" என்றான்.

வழக்கமாக நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். குரலை உயர்த்தவில்லை, சத்தியமாக.

"சரி. மச்சினன் பேண்ட்டைக் கொஞ்சம் முட்டிக்கு மேல தூக்கு. பாப்போம்."

அவன் என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் பேண்ட்டைத் தூக்கினான்.