பெயர் விளங்காத அறிவித்தல்

லொறியின் முன் ஆசனத்தில் என்னை ஏற்றி ஊர் காட்டிய வாப்பாவுக்கு, உங்கள் இளைய மகளின் ஸலாம்.

சண்டை முடிந்துவிட்டது, வாப்பா. கடல் உங்களைக் கொண்டுபோன பின் ஐந்து வருடம் கழித்து இதை எழுதுகிறேன். இப்போது உங்கள் மகன், என் அண்ணன் காக்கா, காலையில் மட்டக்களப்புக்குப் போய் மதியத் தொழுகை லுஹருக்கு முன் திரும்பிவிடுகிறார். சோதனைச் சாவடிக்குச் சாவடி பெட்டிகளை இறக்கித் திறந்து காட்டும் வேலை இல்லை. அதனால்தான் அவருக்குப் புதிய ஒலிபெருக்கி வாங்கும் ஆசை வந்ததோ என்னவோ.

கடல் அடித்து வயலுக்குள் கவிழ்ந்து கிடந்த உங்கள் லொறியை அவர்தான் திரும்ப ஓட வைத்தார். அறுவடை நாட்களில் வரிப்பத்தான்சேனையிலிருந்து நெல் ஏற்றுகிறது. மற்ற நாட்களில் ஊர் ஊராக அறிவிக்கும் உங்கள் வேலைதான்: இறந்தவர்களின் ஜனாஸா அறிவித்தல், விளையாட்டுப் போட்டி, கலியாணம். பெரியநீலாவணையில் இருந்துகூட இப்போது கேட்டு வருகிறார்கள். கூரையில் உங்களுடையதைப் போலவே இரண்டு ஒலிபெருக்கிக் குழல்கள் பூட்டியிருந்தார். போன மாதம் புதிய அம்ப்ளிஃபயர் ஒன்றும், ஆள் உயரத்தில் இரண்டு பேஸ் பெட்டிகளும் வாங்கி வந்தார். நெல் மூட்டை ஏற்றும்போது கழற்றி வைக்கலாம்; அப்படிச் சட்டகம் அடித்திருக்கிறார்.

எனக்கோ ஒரே கேள்வி. குழலில் ஏன் பேஸ் பெட்டியின் தாழ்ந்த அடிச்சத்தம் வருவதில்லை? நூலகத்தில் தேடி வாசித்தேன். குழலின் வாய் சிறியது, தாழ்ந்த சத்தத்தை அதனால் தள்ள முடியாதாம். குழலின் சத்தம் முன்னால்தான் நெடுந்தூரம் போகும். பெட்டியின் சத்தம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே தெரியாமல் சுவரைக் கடந்து வந்துவிடும். இதையெல்லாம் உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

காக்கா பெட்டிகளை முதன்முதலாக முழக்கிய அன்று குசினியில் கோப்பைகள் நடுங்கின. உம்மா அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தா.

“இந்தச் சத்தந்தான்,” என்றா.

கடல் வந்த அன்று கேட்ட சத்தத்தைத்தான் சொன்னா.

“எனக்குக் கேட்டது. உங்கட வாப்பாக்கும் கேட்டிருக்கும். கேட்டுத்தான் நம்மட வாசலால போனார், வெறும் லொறியோட. நிப்பாட்டல்ல.”

ஊர் உங்களைப் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தெரியாது. கடல் வருவதை அறிந்து, கடற்கரை வீதிக்கு லொறியை விட்டு, “ஓடுங்க” என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனீர்களாம். பள்ளிவாசலில் உங்களுக்காக துஆ கேட்கும்போதும் அதைச் சொல்கிறார்கள். கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அது உண்மையென்றால், கடல் வருவது தெரிந்தும் எங்கள் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். உம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு கால்நடையாக ஓடினா. ஊரின் புகழும் உம்மாவின் கோபமும் ஒரே கதைதான் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

“பெட்டிய இறக்கு, மகன். இல்லாட்டி லொறிய வித்துப்போடு,” என்றா உம்மா. காக்காவுக்கு வேறு தொழில் தெரியாது.

நான் ஒன்று கேட்டேன். குழல் முழங்கும்போது லொறிக்குள் இருப்பவருக்குக் கடல் போன்ற அந்த அடிச்சத்தம் கேட்குமா? காக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பெட்டிகளை இறக்கி, லொறிக்குப் பின்னால் வீதி ஓரத்தில் வைத்தார். பின்னேர அஸர் தொழுகை முடிந்த நேரம். ஒவ்வொரு தடவை முழக்கும்போதும் கையை உயர்த்துவதாகச் சொன்னார்.

உங்கள் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடாதபோது சத்தம் நெஞ்சுக்குள் வந்தது. எஞ்சினை ஓட விட்டேன். அப்போதும் கொஞ்சம் வந்தது. பிறகு மைக்கை எடுத்தேன். ஒருவரும் இறக்காமல் மௌத்துச் செய்தியைப் பொய்யாகச் சொல்லலாமா? வாயில் வந்த ஊர்ப்பெயர்களைச் சொன்னேன். மாவடிப்பள்ளி, மருதமுனை, வரிப்பத்தான்சேனை. என் குரல் தெருவில் ஒலித்தது அதுதான் முதல் தடவை. வெட்கத்தில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் காக்காவின் கை உயர்ந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி உயர்ந்தது. என் குரலும் எஞ்சினும் மட்டும்தான்.

கடல் இரண்டு பெட்டிகளை விடப் பெரியது என்று எனக்குத் தெரியாதா, வாப்பா? இது முழுச் சாட்சி இல்லை. ஆனாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது என்ற நினைப்போடு இறங்கினேன்.

நான் எதிர்பாராதது வெளியே நடந்திருந்தது. கடலுக்குப் பின் நாங்கள் குடியேறிய வீட்டுத்திட்டத்தின் அந்தத் தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள். எங்கள் பழைய கடற்கரை வீதியில் இருந்த ஹாஜறா மாமி, கையில் மீன் செதிலோடு நடு வீதிக்கே வந்துவிட்டா.

“ஆருக்குப் புள்ள மௌத்து?”

“ஒருத்தருக்கும் இல்ல மாமி. சும்மா செட்டைப் பாத்தம்.”

“நீயா கதைச்ச? இவ்வளவு பெரிய குரலை எங்ககா ஒளிச்சு வச்சிருந்த? பொண்ணு பாக்க வாறவன் சந்தியிலயே கிறுகி வந்த வழியே போயிருவான்.”

“என்ன சொன்னன் எண்டு விளங்கினதா, மாமி?”

“எங்க விளங்கிற. குழல் சத்தம் கேட்டா மௌத்து எண்டு தெரியும், பேர் விளங்காது. பேரைக் கேக்கத்தானே ரோட்டுக்கு வாற. அண்டைக்கும் அப்பிடித்தானே வந்தன்.”

“எண்டைக்கு?”

மாமி கையைத் துடைத்தா. “கடல் வந்த அண்டைக்கு. உங்கட வாப்பாட குழல் கேட்டிச்சு, ஆரெண்டு பாப்பம் எண்டு புள்ளைகளோட ரோட்டுக்கு வந்தன். வந்து நிண்டாத்தான் கடல் எழும்பி வாறது தெரிஞ்சிச்சு. ஊட்டுக்குள்ள இருந்திருந்தா…”

“அப்ப ஓடுங்க எண்டு வாப்பா சொல்லல்லையா?”

“சொன்னார் எண்டு நானும் எத்தின பேருக்குச் சொல்லியிருக்கன். பேரே விளங்கல்ல புள்ள. அது மட்டும் எப்பிடி விளங்கியிருக்கும்?”

காக்கா அதே ஊர்ப்பெயர்களைப் புதிய பெட்டிகளில் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் போலத் தெளிவு. ஒருவரும் வெளியே வரவில்லை. “இது நல்லம், குசினிக்குள்ள இருந்தே கேக்கலாம்,” என்று உள்ளே இருந்து மாமியின் குரல் வந்தது. காக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீங்கள் வாழ்நாள் முழுக்க மாற்ற ஆசைப்பட்ட அந்தக் கரகரத்த குழல் தெளிவாக இருந்திருந்தால், அன்று எத்தனை பேர் குசினியிலேயே நின்றிருப்பார்கள்?

திரும்பினேன். உம்மா எங்கள் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறா.

“லொறிக்குள்ள இருந்தா கேக்கல்லையா?” என்று என்னிடம் கேட்டா.

“கேக்கல்ல, உம்மா.”

“அப்ப அவருக்குத் தெரியா.”

“தெரிஞ்சிருக்காது.”

உம்மா படலையை விடவில்லை. “தெரிஞ்சிருந்தா நிப்பாட்டியிருப்பார்,” என்றா. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக உங்களுக்காகப் பேசினா. பிறகு எனக்கு இதுவரை தோன்றாத ஒன்றைக் கேட்டா.

“அண்டைக்கு ஆருட மௌத்தைச் சொல்லிக்கொண்டு போனார்?”

ஒருவருக்கும் தெரியவில்லை, வாப்பா. மாமிக்கும் தெரியாது. அந்தப் பெயர் எழுதி உங்கள் சட்டைப்பையில் இருந்த துண்டு உங்களோடு போய்விட்டது. துண்டு எழுதித் தந்தவர்களும் போயிருக்கலாம். அன்று ஊரே ஜனாஸாவாகிவிட்டதால், காலையில் முதலில் இறந்த அந்த ஒருவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆணா, பெண்ணா? கிழவரா, பிறந்த குழந்தையா? அவருடைய மௌத்துக்காக வாசலுக்கு வந்ததால்தான் மாமியைப் போலப் பலர் பிழைத்தார்கள்.

இனி ஜனாஸாவுக்குக் குழல்தான், மற்றதற்குப் பெட்டி என்று காக்கா முடிவு செய்துவிட்டார். உம்மாவும் ஓம் என்றா.

அறியாமல் போன உங்களை, அறிந்து போனவராக நான் இனி யாரிடமும் சொல்லமாட்டேன். அந்தப் பெயரைத் தேடுவேன். வீடு வீடாகப் போய்க் கேட்பேன், கூச்சம் பார்க்கமாட்டேன். கிடைத்ததும் நீங்கள் சொல்லி முடிக்காமல் போன அறிவித்தலை, பெயர் விளங்கும்படி பெட்டியில், காக்காவைக் கொண்டு ஊருக்கு ஒருமுறை முழுதாகச் சொல்ல வைப்பேன்.

பெயரைக் கேட்க இன்னும் வாசலில் நிற்கும்,
உங்கள் இளைய மகள்