கூரை இறுகும் முன்னே

அன்பு மகள் சிட்டுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் மாமாவுக்குத் தோள்பட்டை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, உயிருக்கு ஒன்றுமில்லை, வாய்த்துடுக்கும் குறையவில்லை. ஆனால் அதற்குக் காரணம் நான்தான்.

சுரங்கப்பாதையில் என் வேலை உனக்குத் தெரியும், குடைந்த பாறை உதிராமலிருக்க அதன்மேல் காற்றழுத்தத்தில் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பது. பலகை அடைத்து ஊற்ற முடியாத வளைவிலும் அது ஒட்டிக்கொள்ளும், ஆனால் இறுகும்வரை கீழே ஈ காக்கைகூடப் போகக் கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியிருக்கிறது. அன்றைக்குக் கூரைக்கு அடித்து முடித்தபின் பார்த்தால் விளக்கு ஒன்று அதன் அடியிலேயே நிற்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் அவசரம், சட்டுனு போய் எடுத்துட்டு வந்துருடா என்று என்னோடு வேலையில் நின்ற உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், போனான். விளக்கைத் தூக்கக் குனிந்தவன்மேல் ஈரப் பாளம் ஒன்று பிய்ந்து விழுந்தது. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது.

அதிகாரி விசாரித்தபோது, யாரும் சொல்லல, நானாத்தான் போனேன் என்று சொல்லிவிட்டான். நான் வாய்க்குப் பூட்டுப் போட்டவன்போல் நின்றேன். ஆஸ்பத்திரியில் உன் அம்மா, உனக்குப் புத்தி எங்கடா போச்சு என்று தம்பியைப் பிடித்துத் திட்டினாள், அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை சிட்டு. நேற்று அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். குழாய் முனையைப் பிடிக்கும் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள், இப்போது மெஷின் கழுவுகிறேன், அது நியாயம்தான். மாமாவுக்குத்தான் கோபம், உங்களக் காப்பாத்தவா அத்தான் பொய் சொன்னேன், அக்கா மனசு உடஞ்சிடும்னுதானே சொன்னேன் என்கிறான். உன் அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, தட்டை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

அவசரத்தில் மாப்பிள்ளையை எதற்கும் ஏவாதே அம்மா. நம்மேல் பாசம் உள்ளவர்கள் ஆபத்து என்று தெரிந்தும் போய்விடுவார்கள்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மாமாவுக்கு மறக்காமல் போன் பண்ணு. முறிந்தது வலது தோள், எடுக்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குள் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா