உன் அம்மா வாங்கிய படகு

கோத்தா திங்கி,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் லோஷினிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம். டப்ளினில் குளிர் தொடங்குவதற்குள் நல்ல சப்பாத்து வாங்கிக்கொண்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் நாம் இருவரும் நாலு வார்த்தையில் சண்டைக்குப் போய்விடுகிறோம். நீ அழுகிறாய், நான் போனை வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். வாசலில் நாற்காலி போட்டு, தடித்த மார்க்கர் பேனாவால் எழுதுகிறேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துப் படித்துக்கொள்.

முதலில் படகு விஷயம். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டுப் பாய்மரப் படகா? உங்களுக்கு என்ன ஆச்சுப்பா?" என்று நீ கேட்டாய். பதில் சொல்ல நீ இடம் தரவில்லை. அந்தப் படகை வாங்கியது நான் இல்லை, லோஷினி. உன் அம்மா.

எனக்கே அது டிரெய்லரோடு வீட்டு வாசலுக்கு வந்தபோதுதான் தெரியும். பெக்கான் நானாஸில் சிவசம்பு என்று ஒருவர், பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்க அம்மா போயிருக்கிறாள். பின்னால் அன்னாசித் தோட்டத்து ஓரத்தில், தகரக் கொட்டகைக்குள் ஒரு பழைய படகு டிரெய்லர் மேல் நின்றிருக்கிறது. பாயைச் சுருட்டி உள்ளே திணித்து வைத்திருந்தார்களாம். அம்மா திரையை மறந்துவிட்டு அந்தப் பாயை விரித்துத் தையலைப் பார்த்தாளாம். "இத யாருங்க தச்சது? மடிப்புல பாருங்க, நூல் வெயில்ல செத்துப் போயிருக்கு. துணி நல்லாத்தான் இருக்கு" என்றிருக்கிறாள். அவர், "பிள்ளை, இவ்வளவு காலத்தில இதைத் திறந்து பார்த்த முதல் ஆள் நீர்தான்" என்றாராம். அவருக்கு முழங்கால் போய்விட்டது. பிள்ளைகள் மெல்பர்னில். மனைவி சரோஜினி அம்மாவுக்குக் கடல் என்றாலே வாந்தி. ஆனாலும் படகுக்கு அவர் பெயரைச் சுருக்கி 'சரோ' என்று எழுதி வைத்திருந்தார். பெயரை மாற்றக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

வாசலில் அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்குத் தெரியும், கண் டாக்டர் சொன்னதும் லோரி லைசன்ஸ் போய்விட்டது. பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் இழுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றியவன், வீட்டுக் கழிவறைக்குப் போகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் எனக்கு ஒரு பொம்மை வாங்கி வந்துவிட்டாள் என்று நினைத்து, "எனக்கு எதுக்கு இது?" என்று கத்தினேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்களுக்குன்னு யாரு சொன்னா? எனக்குப் புடிச்சிருக்கு, வாங்குனேன்" என்றாள்.

இருபத்திரண்டு அடிப் படகு. உன்னைவிட வயது கூட. பாய்மரத்தைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம். அடியில் தொங்கும் கனத்த இரும்புத் தகட்டைக் கைப்பிடி சுற்றி உள்ளே ஏற்றிக்கொள்ளலாம். அதனால்தான் லோரியில் சரக்கு இழுப்பது போல ரோட்டில் இழுத்துப் போக முடிகிறது. ஆனால் வந்தபோது இருந்த கோலத்தைச் சொல்லக் கூடாது. பாய்மரத்துக்குள் குளவிக் கூடு. மேல்தளத்தில் நின்றால் கால் அமுங்கியது, உள்ளே பலகை ஊறிப்போயிருந்தது. டிரெய்லர் சக்கரத்தைக் கையால் தட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, பேரிங் போய்விட்டது என்று. என்னை அறியாமல் உட்கார்ந்து கழற்ற ஆரம்பித்தேன். நட்டைத் திருகக் கண் எதற்கு? அன்று சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு சோறு கேட்டேன். அம்மா தட்டை வைத்துப் பரிமாறினாள். முட்டைப் பொரியலை மட்டும் கூடக் கொஞ்சம் வைத்தாள்.

பாயை அவள் கூடத்தில் விரித்தால் சமையலறை வரை போகும். தையலை முழுக்கப் பிரித்து, வெயில் தாங்குகிற நூல் வரவழைத்து, திரை தைக்கிற அதே மெஷினில் வளைந்து வளைந்து போகிற தையலாகப் போட்டாள். காற்று பலமானால் பாயைச் சுருக்கிக் கட்ட இரண்டாவது வரிசைத் துளைகள் வேண்டும் என்று சிவசம்பு சொன்னதும் அதையும் வைத்தாள். பக்கத்து வீட்டு ஐயாசாமி தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பார். "அடுத்த வெள்ளத்துக்கு எங்களையும் ஏத்திக்குங்கக்கா, மறந்துடாதீங்க" என்பார். வெள்ளம் ஏறுகிற இந்தத் தாமான் குடியிருப்பில் அது முழுக்க வேடிக்கைப் பேச்சும் இல்லை.

இழுத்துப் போக ஹேமநாதன் தன் பழைய பிக்அப்பைத் தந்தான். என்னோடு லோரி ஓட்டியவன், நீ சின்ன வயதில் 'மீசை மாமா' என்பாயே, அவன்தான். ஓட்டுவது யார்? நம் சின்ன மைவி காரைத் தவிர வேறு வண்டி தொடாத உன் அம்மாதான். மதியம் பாசார் காலியானதும் அங்கே கொண்டுபோய் டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கப் பழகினாள். டிரெய்லர் வலது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடிக்க வேண்டும், புத்தி அதற்கு லேசில் ஒத்துக்கொள்ளாது. நான் வெளியே நின்று டயர் சத்தத்தைக் கேட்டுச் சொல்வேன். மீன்கடைத் தூணை இடித்தாள். இறங்கி வந்து தூணைப் பார்த்தாள், மறுபடி ஏறினாள். என்னிடம் தொழில் பழகிய பையன்களில் பாதிப் பேர் அந்த இடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீச்சலும் கற்றுக்கொண்டாள். ஐம்பத்து நான்கு வயதில், சின்னப் பிள்ளைகளோடு குளத்தில் இறங்கி. கப்பலில் வந்த பூட்டனுக்குப் பிறகு நம் குடும்பத்தில் கடலுக்குப் போகிற முதல் ஆள் தான்தான் என்று பெருமை வேறு.

முதல் சில தடவை சிவசம்பு கூட வந்தார், அலையில்லாத ஆற்று முகத்துவாரத்தில். அங்கேதான் ஒரு விஷயம் தெரிந்தது. சுக்கான் பிடிக்க எனக்கு வருகிறது, லோஷினி. காற்று கன்னத்தில் எங்கே படுகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். கண் தெரிகிறவர்கள் மேலே பாயைப் பார்க்கிறார்கள், கரையைப் பார்க்கிறார்கள், குழம்புகிறார்கள். எனக்குப் பார்க்க ஒன்றும் இல்லாததால் படகு நேராகப் போனது. எதிரே என்ன இருக்கிறது என்று அம்மா சொல்வாள். கயிறும் பாயும் அவள் பொறுப்பு, காற்று என் பொறுப்பு.

போன சனிக்கிழமை தஞ்சோங் லேமானிலிருந்து பூலாவ் சிபு தீவுக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். திட்டாதே, உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டுதான். படகு கட்டுகிற ஜெட்டியில் ஒரு மலாய்க்காரப் படகோட்டி, மத்தியானத்துக்கு மேல் காற்று ஏறும், "மக்சிக், வேண்டாம்" என்று, அத்தை முறை வைத்து அம்மாவிடம் சொன்னார். அதற்குள் திரும்பிவிடுகிறோம் என்றாள். போனதெல்லாம் சுகமாகப் போனோம். கரையில் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டோம். அதில்தான் நேரம் கொஞ்சம் போய்விட்டது.

திரும்பும் வழியில் காற்று கரைப் பக்கத்திலிருந்து எதிரே வந்தது. எதிர்க்காற்றில் படகு நேராகப் போகாது, குறுக்கும் மறுக்குமாகத்தான் ஏற வேண்டும். பாதிக் கடலில் வெயில் சட்டென்று குளிர்ந்தது. "மேகம் கறுத்துக்கிட்டு வருது" என்றாள் அம்மா. மழை வாசனை எனக்கும் வந்தது. பாயை இறக்கிவிட்டு, படகின் பின்னால் மாட்டியிருக்கிற சின்ன மோட்டாரைப் போடலாம் என்றேன். மோட்டார் ரெண்டு தரம் இருமியது, நின்றுவிட்டது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, தண்ணீர் என் மடியில் விழுந்தது.

உன்னிடம் மறைக்கவில்லை, நான் பயந்துவிட்டேன். லோரியில் பிரேக் பிடிக்காத அன்றுகூட ரோடு என் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே சத்தம் மட்டும்தான், எல்லாப் பக்கமும். போலீசுக்குப் போன் போடு, போட்டுத் தொலை என்று கத்தினேன். அம்மாவின் குரல் முன்னாலிருந்து வந்தது. அவள் ஏற்கெனவே பாய்மரத்தடிக்குப் போய்விட்டிருந்தாள். "ஏங்க, போலீஸ் வர்றதுக்குள்ள மழை போயிரும். நீங்க காத்தப் புடிங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றாள்.

காற்று சரியாக மூக்கில் அடிக்கும்படி படகைத் திருப்பிப் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடித்தேன். அவள் பாயைப் பாதி இறக்கி, தான் தைத்த அந்த இரண்டாவது வரிசைத் துளைகளில் கயிற்றைக் கோத்துக் கட்டினாள். சாதாரண நாளில் என்னிடம் கயிறு சிக்குவதைப் பற்றிப் புலம்புகிறவள், அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு "இப்ப விடுங்க" என்றாள். காற்றை வலது கன்னத்துக்கு விட்டேன். படகு நிமிர்ந்தது. மழையில் அப்படியே ஏறினோம். "திரும்பலாம்" என்பாள், திருப்புவேன், காற்று இடது கன்னத்துக்கு வரும். மறுபடி "திரும்பலாம்" என்பாள். பாய் கிழியவில்லை. ஒரு தையல்கூட விடவில்லை.

ஜெட்டிக்கு வந்தபோது அந்தப் படகோட்டி மழையில் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்காகத்தான். கயிற்றை வாங்கிக் கட்டிவிட்டு, தெக்கோங் யார் என்று என்னைக் கேட்டார். படகுக்குத் தலைவரை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். "பினி சாயா" என்றேன். என் மனைவி. லோஷினி, லோரி ஓட்டிய காலத்தில் சிறந்த ஓட்டுநர் என்று கம்பெனியில் எனக்குக் கேடயம் கொடுத்தார்கள், உனக்கு நினைவிருக்கும். அன்று மேடையில்கூட நான் இவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அதன் பிறகு அவள் போய் பிக்அப்பை எடுத்தாள். ஜெட்டி முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஈரச் சரிவில் டிரெய்லரை ஒரே முயற்சியில் தண்ணீருக்குள் இறக்கினாள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சத்தத்தை மட்டும் கேட்டேன். எங்கேயும் தயங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது துண்டைக் கீழே போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லிவிட்டேன்.

இனி உன் விஷயம். வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொள்ள இங்கேயே வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வேண்டாம், கண்ணு. எவ்வளவு படித்து அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய், எங்களுக்குத் தெரியாதா? அங்கே உன்னை எதிர்பார்த்து நோயாளிகள் படுத்திருக்கிறார்கள். இங்கே படுக்கையில் யாரும் இல்லை. சனிக்கிழமையானால் இரண்டு பேரையும் வீட்டில் பிடிக்க முடியாது. அப்பாவை நினைத்துப் பயப்படாதே. தெக்கோங் இருக்கிறாள்.

ஆனால் வா. விருந்தாளியாக வா. நவம்பரில் மழைக்காற்று வந்துவிடும், கடல் மூடிவிடும். மார்ச்சில் திறக்கும். போன வாரம் டாக்டர் மறுபடி பார்த்தார். சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார், மற்றபடி அவர் அதிகம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல வெயிலில் எதிரே நிற்கிறவர் முகம் எனக்கு இன்னும் தெரிகிறது. அதனால் டிக்கெட் எடுக்கும்போது, சிரமம் பார்க்காமல், பகலில் வந்து இறங்குகிற விமானமாகப் பார்த்து எடு. மத்தியானமாக இருந்தால் இன்னும் நல்லது. செனாய் விமான நிலையத்தில் கூரைக்கு வெளியே வெயிலில் நிற்கிறேன். நீ வந்ததும் கட்டிப்பிடிக்க அவசரப்படாதே. கொஞ்ச நேரம் அப்பா முன்னால் அப்படியே நில்.

நீ போகிற இடமெல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் முருகனிடம் கேட்டுக்கொள்ளும்,

உன் அப்பா,
கமலநாதன்